வாத்தியாரின் இயந்திர நாய்க்கு ஹெச்டி கிடைக்குமா?

வாத்தியார் சுஜாதா எண்பதுகளில் எழுதிய ரெண்டு கதைகளை எடுத்துக்குவோம்.

ஒண்ணு 'விக்ரம்'. பத்திரிகையில் தொடராகவும் வந்து, 1986-ல் கமல் நடித்துப் படமாகவும் வந்தது. காணாமல் போன ஏவுகணை, கம்ப்யூட்டர், சலாமியா என்று ஒரு கற்பனை நாடு எல்லாம் உண்டு. இன்னொண்ணு 'என் இனிய இயந்திரா'. விகடனில் தொடராக வந்தது. அப்புறம் சிவரஞ்சனி, ஆனந்த் நடிக்க தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. நிலா, சிபி, ரவி, மனோ என்று எல்லாருக்கும் ரெண்டெழுத்துப் பேர். பிள்ளை பெத்துக்க அரசாங்கத்திடம் அனுமதி வாங்கணும். நடுவில் ஜீனோ என்கிற இயந்திர நாய். மனுஷங்களை விட அதுதான் நிறைய புத்தகம் படிக்கும்.

நாளைக்கே யாராவது மனசு வைத்தால், நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்தால், விக்ரமை 4கே-யில் பளபளவென்று கொண்டுவந்துவிடலாம். ஆனால் ஜீனோவுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைப்பது கஷ்டம். அந்தக் காலத்துத் தூர்தர்ஷன் தொடர்கள் பெரும்பாலும் வீடியோ டேப்பில் எடுத்தவை. டேப்பில் ஏறிய ஒரு தொடரை எத்தனை கோடி கொட்டினாலும் நிஜமான ஹெச்டி ஆக்க முடியாது.

ஒரே பேனா, ஒரே காலகட்டம். ஆனால் ஒண்ணு தப்பிக்கும், இன்னொண்ணு தப்பிக்காது. இதில் புகழுக்கும் பட்ஜெட்டுக்கும் பெரிய பங்கு இல்லை. படம் பிடித்த அன்றைக்குக் கேமராவுக்குள் ஓடியது என்ன என்பதுதான் கணக்கு. பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர்களை ஹெச்டி-க்கு மாற்றிய வரலாறு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாங்க :-)

ஃபிலிமும் டேப்பும்

நம்ம ஊர் பழைய டிவி பால் முறையில் வேலை செய்தது. ஒரு படத்துக்கு 625 கோடுகள், அதில் கண்ணுக்குத் தெரிவது 576. கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தால் 720 x 576, அதாவது 4,14,720 புள்ளிகள். ஹெச்டி-யில் 1920 x 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். வகுத்துப் பாருங்க, மிகச் சரியாக 5 மடங்கு. பழைய டிவியின் சதுரத்தனமான 4:3 வடிவத்தையே காப்பாற்றி, ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டாலும் 3.75 மடங்கு வரும்.

டேப்பில் பதிவானது அந்த நாலு லட்சம் புள்ளிக்கான சங்கதி மட்டும்தான். நடைமுறையில் அதுகூட முழுசா இருக்காது. மிச்சத்தை எங்கே போய்த் தேடுவது? எங்கேயும் இல்லை. படம் பிடித்த அன்றைக்கே காற்றோடு போச்சு.

ஃபிலிம் கதை வேற. நடிகரின் முகத்தில் பட்ட வெளிச்சம் நேரா வெள்ளி உப்புத் துகள்களில் பதிகிறது. அதில் கோடும் கிடையாது, புள்ளியும் கிடையாது. நல்ல 35 எம்.எம். நெகட்டிவை இன்றைய ஸ்கேனரில் வைத்தால் ஹெச்டி-யைத் தாண்டி 4கே வரைக்கும் விவரம் எடுக்கலாம். 16 எம்.எம். ஃபிலிமிலேயே ஹெச்டி-க்குத் தேவையானது கிடைத்துவிடும். 1966-ல் ஒரு ஒளிப்பதிவாளர் லென்ஸைச் சரியா ஃபோகஸ் பண்ணியிருந்தால் அந்தக் கூர்மை இன்னமும் அந்தச் சுருளில் தூங்கிக்கிட்டு இருக்கு. அன்றைக்கு டிவிப் பெட்டியால் அதைக் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

ரீமாஸ்டர் என்ற வார்த்தையைக் கேட்டதும் பழசுக்குப் புதுச் சாயம் பூசுவது என்று நினைக்கத் தோணும். நல்ல ரீமாஸ்டரில் நடப்பது வேற. அன்றைக்கே பிடித்து வைத்ததை இத்தனை வருஷம் கழித்து முதன்முதலா முழுசாப் பார்க்கிறோம்.

25,000 சுருள்கள்

எங்க பெரியப்பா பெல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கைலாசபுரம் டவுன்ஷிப்பில் மொட்டை மாடி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி படம் பார்த்த கதையெல்லாம் சொல்லுவார். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'ஸ்டார் ட்ரெக்' போட்டார்களாம். அதில் வரும் ஸ்பாக்கின் காதைத் தவிர வேற ஒண்ணும் புரியலைன்னும் சொல்லுவார்.

அவர் பார்த்தது 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் வந்த முதல் தொடர். அது முழுக்க 35 எம்.எம்.-மில் எடுத்தது. அதனால் 2006-ல் அதை ஹெச்டி-க்கு மாற்ற ஆரம்பித்தபோது பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. நெகட்டிவை ஸ்கேன் பண்ணினார்கள், விண்கலக் காட்சிகளுக்குப் பதிலா புது கிராஃபிக்ஸ் வைத்தார்கள். (பழைய காட்சிகளையும் ப்ளூரேயில் கொடுத்துட்டாங்க, நல்ல காரியம்.)

உண்மையான சோதனை அடுத்த தொடருக்குத்தான். 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987 முதல் 1994 வரை வந்தது. இதையும் 35 எம்.எம்.-மில்தான் எடுத்தார்கள். ஆனால் நேரத்தையும் காசையும் மிச்சம் பிடிக்க, ஃபிலிமை அன்றன்றைக்கே வீடியோ டேப்புக்கு மாற்றிவிட்டு, எடிட்டிங்கையும் விண்கலம், லேசர், கிரகம் என்று அத்தனை தந்திரக் காட்சிகளையும் டேப்பிலேயே செய்துவிட்டார்கள். முடிவில் கைக்கு வந்த மாஸ்டர் அமெரிக்க முறைப்படி 480 சொச்சம் கோடு உள்ள ஒரு டேப். முழு எபிசோட் ஒண்ணுகூட ஃபிலிம் வடிவத்தில் எங்கேயும் கிடையாது.

அப்போ என்ன செய்வது? சிபிஎஸ் நிறுவனம் துணிந்து ஒரு வேலையில் இறங்கியது. வெட்டாத மூல நெகட்டிவ் சுருள்கள் 25,000-க்கு மேல் கிடங்கில் இருந்தன. அவற்றை எடுத்துப் பட்டியல் போட்டு, பழைய டேப்பைப் பக்கத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு ஷாட்டாகத் தேடி எடுத்து, ஏழு சீசனையும் மறுபடி எடிட் பண்ணினார்கள். விண்கலத்தை வெளிச்சத்துக்கு ஒரு தடவை, ஜன்னல் விளக்குகளுக்கு ஒரு தடவை, பின்னணிக்கு ஒரு தடவை என்று தனித்தனி ஃபிலிமில் எடுத்திருந்தார்கள். அவற்றையும் தேடி எடுத்துக் கம்ப்யூட்டரில் மறுபடி ஒண்ணாக்கினார்கள். சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, பைனரி மட்டும் கையில இருக்கு, சோர்ஸ் கோட் 25,000 டப்பாவில் சிதறிக் கிடக்கு. அத்தனையையும் பொறுக்கி எடுத்து மறுபடி கம்பைல் பண்ணி, பழைய அவுட்புட்டோட வரிக்கு வரி ஒத்துப் பார்க்கணும்.

ஒரு சில விநாடிகளுக்கு மட்டும் ஃபிலிம் கடைசி வரை அகப்படவில்லை. அந்த இடத்தில் பழைய டேப்பையே பெரிதாக்கி வைத்தார்கள். பார்க்கும்போதே தெரியும், திடீர்னு கண்ணாடியைக் கழட்டின மாதிரி இருக்கும்.

முதல் சீசன் 2012 ஜூலையிலும் கடைசி சீசன் 2014 டிசம்பரிலும் வெளிவந்தன. செலவு ஒரு கோடி டாலரைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். ஆனால் வட்டு வாங்குகிற பழக்கமே குறைந்துவிட்ட காலம் அது, எதிர்பார்த்த விற்பனை இல்லை. விளைவு, அடுத்து வந்திருக்க வேண்டிய 'டீப் ஸ்பேஸ் நைன்', 'வாயேஜர்' ரெண்டும் நின்றுபோயின. அவற்றுக்கும் ஃபிலிம் இருக்கு. டீப் ஸ்பேஸ் நைன் பற்றி ரசிகர்களிடம் பணம் திரட்டி எடுத்த ஆவணப்படம் ஒன்று 2019-ல் வந்தது. அதற்காகச் சில காட்சிகளை மட்டும் ஹெச்டி-யில் ஸ்கேன் பண்ணிக் காட்டினார்கள். எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஏங்குவதற்கு அது போதும்.

பாதி தப்பித்தவர்கள்

'பாபிலோன் 5' இன்னொரு மாதிரி. 1993-ல் முன்னோட்டப் படம் வந்து 1998 வரை ஓடியது. எடுத்தவர்கள் விவரமானவர்கள். வருங்காலத்தில் அகலத்திரை டிவி வரும் என்று யோசித்து நடிகர்கள் வரும் காட்சிகளை அதற்குத் தோதாக ஃபிலிமில் எடுத்தார்கள். ஆனால் விண்வெளிச் சண்டைகள் எல்லாம் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ். ஆரம்பத்தில் அமிகா கம்ப்யூட்டர்களில் பண்ணியது, அன்றைய டிவி அளவுக்கு மட்டுமே. அந்தக் கோப்புகளை யாரும் ஒழுங்காக எடுத்து வைக்கவில்லை.

கடைசியில் 2021-ல் ஹெச்டி பதிப்பு வந்தது, 2023 டிசம்பரில் ப்ளூரேயும் வந்தது. வசனக் காட்சிகள் ஃபிலிமிலிருந்து எடுத்ததால் கண்ணாடி மாதிரி இருக்கும். விண்கலம் பறந்தால் மட்டும் மங்கிவிடும். ஆக, முப்பது வருஷம் கழித்துப் பழசாகத் தெரிந்தது நடிகர்களோ செட்டோ இல்லை, அன்றைக்கு 'எதிர்காலத் தொழில்நுட்பம்' என்று கொண்டாடிய அந்த கிராஃபிக்ஸ்தான். வாத்தியார் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு சிறுகதை எழுதியிருப்பார். 'என் இனிய இயந்திரா' நடப்பதும் 2021-ஐ ஒட்டித்தான் என்பது ஒரு உபரித் தகவல்.

அடுத்து பிபிசி-யின் 'டாக்டர் ஹூ'. 1963-ல் தொடங்கியது, பெரும்பாலும் ஸ்டூடியோவில் வீடியோ கேமராவில் எடுத்தது. 1970 ஜனவரியில் ஒளிபரப்பான 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்' என்கிற கதையை எடுக்கிற சமயத்தில் பிபிசி ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம். வேற வழியில்லாமல் முழுக் கதையையும் வெளியே போய் 16 எம்.எம். ஃபிலிமில் எடுத்தார்கள். அதனால் 2013-ல் நிஜமான ஹெச்டி-யில் ப்ளூரேயாக வர முடிந்தது. பழைய டாக்டர் ஹூ கதைகளில் முழுக்க ஃபிலிமில் எடுத்தது அது ஒண்ணுதான். ஒரு ஸ்ட்ரைக் செய்த உபகாரம்!

அபகாரமும் அங்கேதான் நடந்தது. வீடியோ டேப் அப்போ யானை விலை. மறு ஒளிபரப்புக்கு உரிமைச் சிக்கல், ஒரு நிகழ்ச்சி ஒரு தடவை போனால் முடிஞ்சது என்ற எண்ணம். 1967 முதல் 1978 வரை டேப்புகளை அழித்து மேலேயே வேற நிகழ்ச்சி பதிந்தார்கள், ஃபிலிம் பிரதிகளையும் தூக்கிப் போட்டார்கள். 90-க்கும் மேற்பட்ட டாக்டர் ஹூ எபிசோடுகள் இப்படிப் போயின. வெளிநாட்டு டிவி நிலையங்களுக்கு அனுப்பிய ஃபிலிம் பிரதிகள் மூலமாகத்தான் சிலது திரும்பி வந்தது. 2013-ல் நைஜீரியாவில் கண்டெடுத்ததாக 9 எபிசோடுகள் வந்து சேர்ந்தன.

(பிபிசி-யை மட்டும் திட்ட வேண்டாம். அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது பதிந்த மூல டேப்புகளையே அழித்து மறுபடி உபயோகித்துவிட்டதாக நாசாவும் 2009-ல் ஒத்துக்கொண்டது.)

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒண்ணு உண்டு. கலரில் எடுத்த சில எபிசோடுகளுக்குக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் பிரதி மட்டும் மிஞ்சியிருந்தது. பால் முறையில் கலர் சமாசாரம் தனியா ஒரு உயர் அதிர்வெண்ணில் ஏறி வரும். டிவித் திரையைப் பார்த்து ஃபிலிம் எடுத்தபோது அதை வடிகட்டாமல் விட்டதில், படத்தின் மேல் பூச்சி பூச்சியாகப் புள்ளிகள் விழுந்திருந்தன. வருஷக்கணக்கா எல்லாரும் அதை அழுக்கு என்றுதான் நினைத்தார்கள். 2000-களின் பிற்பகுதியில் ஒரு சின்னக் குழு அந்தப் புள்ளிகளைப் படித்து நிஜமான கலரைத் திரும்ப வரவழைக்க மென்பொருள் எழுதியது. 1973-ல் வந்த 'பிளானட் ஆஃப் தி டாலெக்ஸ்' கதையின் மூணாவது எபிசோடுக்கு இப்படித்தான் கலர் திரும்பியது, 2009-ல் டிவிடி-யாக வந்தது. அழுக்கு என்று அதை யாராவது சுத்தமாகத் துடைத்திருந்தால் கலரும் போயிருக்கும்.

நம்ம ஊருக்கு வருவோம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. 1982-ல் கலர் வந்தது. 1984-ல் 'ஹம் லோக்' வந்ததும் ஸ்பான்சர் தொடர்களின் காலம் ஆரம்பம். தனியார் தயாரிப்பாளர் தொடரை எடுப்பார், தூர்தர்ஷன் நேரம் கொடுக்கும், சோப்பும் பற்பசையும் விற்கிறவர்கள் காசு கொடுப்பார்கள். இந்தியில் 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா', 'இந்திரதனுஷ்' மாதிரி அறிவியல் தொடர்கள் வந்தன. 1998-ல் 'கேப்டன் வியோம்'. தமிழில் ஜீனோ.

கையில் இருந்த கருவி பெரும்பாலும் யூமேட்டிக். சோனி 1971-ல் கொண்டுவந்த முக்கால் அங்குல டேப். அப்புறம் பீட்டாகேம். நாலு முழ வேட்டி பட்ஜெட்டில் ஃபிலிம் வாங்கிக் கழுவிப் பிரிண்ட் போட எந்தத் தயாரிப்பாளருக்குக் கட்டுப்படியாகும்? டேப்தான் அழித்து எழுதலாம், உடனே போட்டுப் பார்க்கலாம். அன்றைக்கு அது நியாயமான முடிவு.

அழித்து எழுதலாம் என்பதுதான் பிறகு வினையானது. தூர்தர்ஷனின் ஆரம்பகால நிகழ்ச்சிகள் நிறைய இப்படித்தான் காணாமல் போயின. தப்பித்த டேப்புக்கு வேற எதிரிகள். டேப்பின் மேல் காந்தத் துகளை ஒட்டி வைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். ஓடவிட்டால் துகள் உரிந்து மெஷின் தலையில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட டேப்பை ஐம்பது சொச்சம் டிகிரி சூட்டில் மணிக்கணக்காகப் பதமாகக் காய வைத்து ஒரு தடவை ஓட்டி எடுத்துக்கொள்வார்கள். (திருச்சியில் அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் வைத்தாலே போதும்னு தோணும். விளையாட்டுக்குச் சொன்னேன், வெச்சுத் தொலைக்காதீங்க.) ஸ்ரீரங்கம் மாதிரி ரெண்டு பக்கமும் ஆறு ஓடுகிற ஊரில் பரணில் போட்ட கேசட்டுக்குப் பூஞ்சை வேற.

உரிமைச் சிக்கலும் உண்டு. ஸ்டார் ட்ரெக்கின் 25,000 சுருளும் ஒரே கம்பெனியின் பொறுப்பில் இருந்தன. நம்ம ஸ்பான்சர் தொடர்களில் எடுத்தவர் ஒருவர், ஒளிபரப்பியவர் ஒருவர், பணம் போட்டவர் ஒருவர். மூணு பேருக்கும் சொந்தமான மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவார்கள்?

பார்க்க ஆள் இல்லையா என்றால் அதுவும் இல்லை. 2020 மார்ச் 28-ல், ஊரடங்கில், ராமாயணத்தை மறுபடி போட்டார்கள். ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடி பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய 'வேவ்ஸ்' தளத்திலும் பழைய தொடர்கள்தான் முக்கியமான சரக்கு.

இன்னொரு வேடிக்கை. உலகத்துப் பழைய படங்களின் தூசு, கீறலை ஃபிரேம் ஃபிரேமாக நீக்குகிற வேலை வருஷக்கணக்காக நம்ம சென்னையிலேயே, பிரசாத் நிறுவனத்தில் நடக்கிறது. கை இங்கேதான் இருக்கு.

ஃபிலிமில் எடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் தப்பித்துவிடும் என்றும் இல்லை. 1963-ல் எம்ஜிஆர் நடித்த 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகவாசிகள் வருவார்கள், பானுமதியைக் கடத்திக்கொண்டு போவார்கள். ஃபிலிமில் எடுத்ததால் இன்றும் பார்க்க முடிகிறது. 1964-ல் வந்த 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பித்து 2012 மார்ச்சில் மறுபடி ரிலீஸாகி நம்ம ஊர்த் தியேட்டர்களிலேயே சக்கைப்போடு போட்டது. ஆனால் முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) இன்றைக்கு இல்லை. அந்தக் காலப் படச்சுருள்களை அதிலிருக்கும் வெள்ளிக்காகவே கரைத்து விற்றார்கள். உ.வே.சா. ஏடு தேடிப் போன ஊர்களில், பழைய ஏடுகளைப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டோம் என்று சொன்னார்களே, அதே மனசுதான். பாதுகாக்கப் பொருள் ஒரு பங்கு என்றால் ஆள் மூணு பங்கு.

"ஏஐ-ல போட்டா வந்துடுமே?"

ஆபீஸில் இதைப் பற்றிப் பேசினால் உடனே வரும் கேள்வி இது. இப்போ மென்பொருள்கள் இருக்கு, பழைய வீடியோவைக் கொடுத்தால் 4கே-யாகத் துப்பும். டீப் ஸ்பேஸ் நைனையே சில ரசிகர்கள் வீட்டில் அப்படிப் பண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் போட்ட கணக்கை ஞாபகப்படுத்திக்குங்க. 4:3 படத்தை ஹெச்டி ஆக்க 3.75 மடங்கு புள்ளி வேணும். அதாவது வெளியே வருகிற ஒவ்வொரு நாலு புள்ளியிலும் ஏறக்குறைய மூணு, டேப்பில் இல்லாதது. மென்பொருள் தான் ஏற்கெனவே பார்த்த லட்சக்கணக்கான வேற முகங்களிலிருந்து 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்று ஊகித்து நிரப்புகிறது. பெரும்பாலான நேரம் அழகாகவே நிரப்பும். அதுதான் ஆபத்து.

எங்க வீட்டில் அப்பா அம்மா கல்யாண கேசட் ஒண்ணு இருக்கு. 1994, ஸ்ரீரங்கத்தில் ஒரு சத்திரம். விஹெச்எஸ், அதில் 240 கோடு தேறினால் அதிகம். எங்க பாட்டி நடமாடுவது பதிவாகியிருப்பது அது ஒண்ணில்தான், மொத்தம் நாப்பது விநாடி இருக்கும். அதை டிஜிட்டல் ஆக்கி, ஒரு காப்பியை மட்டும் இந்த மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். சத்திரத்துத் தூண், வாழை மரம், ஜமுக்காளக் கோடு எல்லாம் பிரமாதம். பாட்டி திரும்பினாள். எட்டுக்கல் பேசரி மூக்கில் மச்சமாகியிருந்தது. கழுத்துச் சுருக்கம் வழவழவென்று ஆகி, கண்ணுக்குக் கீழே பத்து வயசு குறைந்திருந்தது. லட்சணமான ஒரு கிழவி, ஆனா எங்க பாட்டி இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "மங்கலா இருக்கே, அதையே போடு"ன்னாள். மங்கலில் வெறும் வெள்ளைப் பொட்டாக மின்னுகிற அந்தப் பேசரியில் எட்டுக் கல்லையும் அவளால் எண்ண முடிகிறது.

ஹாலிவுட்டிலும் இதே சண்டை நடந்தது. 'ஏலியன்ஸ்' (1986) படத்தின் 4கே பதிப்பு 2024-ல் வட்டாக வந்தபோது, நல்ல ஃபிலிம் இருந்தும் இந்த மாதிரி மென்பொருளை அதிகம் உபயோகித்து முகங்களை மெழுகு பொம்மையாக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ஃபிலிமுக்கே இந்தக் கதி என்றால் டேப்புக்குக் கேட்கவே வேண்டாம். விளையாட்டுக்குப் பண்ணிப் பார்ப்பதில் தப்பில்லை. 'ஒரிஜினல் எதுக்கு, அதான் ஹெச்டி ஆக்கியாச்சே' என்று மூலத்தைத் தூக்கிப் போடுகிற நாள் வருமே, அங்கேதான் எனக்குப் பயம்.

நம்மாலானது

டேப்பில் எடுத்தவற்றுக்கு நாம் செய்யக்கூடியது ஹெச்டி இல்லை. இருக்கிற 576 கோட்டையும் ஒரு கோடு குறையாமல் காப்பாற்றுவதுதான். அதற்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பான் கம்பெனி ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. யூமேட்டிக் மெஷின்கள் அதற்கு வெகுநாள் முன்பே நின்றுவிட்டன. டேப் பிழைத்திருந்தாலும் ஓட்ட மெஷின் இல்லாமல் போகும்.

வீட்டில் கேசட் வைத்திருக்கிறவர்களுக்கு நாலு விஷயம். டிஜிட்டல் ஆக்கக் கொடுக்கும்போது 720 x 576-லேயே, ரொம்ப அழுத்திச் சுருக்காமல் கேளுங்க. பழைய வீடியோவில் விநாடிக்கு 50 அரைப்படங்கள் இருக்கும், 'கோடு கோடாத் தெரியுது சார்' என்று அதை 25 ஆக்கி நசுக்கித் தருவார்கள். பாதி அசைவு அங்கேயே போயிடும், அப்படியே வேணும்னு சொல்லுங்க. ஏஐ வித்தை எதுவானாலும் தனிக் காப்பியில் மட்டும். நாலாவது முக்கியம்: டிஜிட்டல் ஆனதும் கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க. விசிஆர் தலை படிக்கிற மூல அலையையே நேரடியாக எடுத்துக் கம்ப்யூட்டரில் பிரித்துப் படிக்க 'விஹெச்எஸ் டீகோட்' என்று ஒரு இலவசத் திட்டத்தை ஆர்வலர்கள் வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று அழுக்காகத் தெரிகிற புள்ளியில் நாளைக்குக் கலர் இருக்கலாம்.

கல்யாண கேசட்டோடு நிறுத்த வேண்டாம். டாக்டர் ஹூ-வில் காணாமல் போன அத்தனை எபிசோடுக்கும் இன்றைக்கு ஒலி மட்டும் முழுசா இருக்கு. பிபிசி அதைக் காப்பாற்றவில்லை. அறுபதுகளில் டிவி முன்னால் மைக்கைப் பிடித்து டேப் ரெக்கார்டரில் பதிந்த பள்ளிக்கூடப் பையன்கள் காப்பாற்றியது. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் நம்ம தெருக்களில் விசிஆர் வைத்திருந்த வீடுகள் இருந்தன. தில்லை நகரிலோ, உறையூரிலோ, கைலாசபுரத்திலோ, சித்திரை வீதியிலோ, யாராவது ஒரு மாமா ஒரு சாயங்காலம் தூர்தர்ஷனில் ஓடிய தொடரை ரெக்கார்டு பண்ணி, லேபிளில் பால்பாயின்ட் பேனாவால் பேர் எழுதிப் பரணில் போட்டிருக்கலாம். மேலே கல்யாண கேசட் பதியாமல் இருந்திருந்தால் அது இன்னும் அங்கேயே இருக்கும்.

பொங்கலுக்குப் பரண் சுத்தம் பண்ணும்போது கறுப்புக் கேசட் எது கிடைத்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன்னால் லேபிளைப் படிச்சுப் பாருங்க. 'இயந்திரா'ன்னு எழுதியிருந்தா உடனே எனக்குச் சொல்லி அனுப்புங்க. விசிஆர் என்கிட்ட இருக்கு, ஓடுற கண்டிஷன்ல.